நெரிடா மூன்று வரை எண்ணிய நாள்

நெரிடா பைபஸின் கடையில், கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு தூண்டில் கொக்கிகள் வரிசையாகக் குத்தப்பட்டிருக்கின்றன. எல்லாம் மனித உடம்பிலிருந்து அவள் பிடுங்கியவை. காது, உதடு, பிடரி, கட்டைவிரல், ஒரு நீதிபதியின் பிட்டம். ஒன்று மட்டும் நாயின் மூக்கிலிருந்து வந்தது.

எங்கள் ஏரியில் புழு போடக் கூடாது. கொக்கியில் இறகும் மயிரும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சிதான் போடலாம். எங்களுக்கு வசந்தம் தொடங்கும் செப்டம்பரில் பனி உருகி ஏரி புல்லுக்குள் ஏறும். தவளை தின்ன வரும் டிரவுட் மீன்கள் கணுக்கால் தண்ணீரில் வாலை வெளியே நீட்டிக்கொண்டு மேயும். தாஸ்மேனியாவில் உள்ள பாதிப் பேர் அதற்காக மலையேறி வந்துவிடுவார்கள். மேல்காற்றும் அதே வாரங்களில்தான் வரும். தூண்டில் நரம்பைப் பின்னால் வீசி முன்னால் விடுவதற்குள் காற்று அதை மடக்கி, வீசியவன் முகத்திலேயே அறையும்.

அப்படி அறை வாங்கியவர்கள் நெரிடாவிடம் வருவார்கள். பெஞ்சில் உட்கார வைத்து, இரண்டு கைகளாலும் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடிக்கச் சொல்வாள். கொக்கியின் வளைவில் தடித்த நரம்பைக் கண்ணியாகப் போடுவாள். கொக்கியின் காம்பைக் கட்டைவிரலால் சதையோடு சேர்த்து அழுத்துவாள். அப்படி அழுத்தினால்தான் கொக்கி நுனியில் பின்பக்கம் நீட்டியிருக்கும் எதிர்முள் சதையை விடும். "மூணு எண்ணுவேன், அசையாதே" என்பாள். ஒன்று, இரண்டு, வெடுக். மூன்றை யாரும் கேட்டதில்லை. இரண்டில் பிடுங்குவாள் என்று ஏரிக்கே தெரியும். தெரிந்தும் ஒவ்வொருவனும் மூன்றுக்காகக் காத்திருப்பான்.

இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பன்றிக் காலை வாங்கி வந்து, தோலில் கொக்கியைக் குத்திக் குத்தி ஒரு குளிர்காலம் முழுவதும் பிடுங்கிப் பார்த்தாள். எந்தக் கோணத்தில் இழுத்தால் தோல் கிழிகிறது, எந்தக் கோணத்தில் கிழியவில்லை என்று காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் தொட மாட்டாள். கண் என்றால் ஆஸ்பத்திரிதான்.

பலகையில் இடது ஓரத்தில் உள்ள முதல் கொக்கி மட்டும் அவள் பிடுங்கியதல்ல, அவள் மேலேயே ஏறியது.

அவள் கணவன் லான்ஸ் மரம் ஏற்றும் லாரி ஓட்டினான். அவன் தவறவிட்ட மீன் ஒன்றை ஒரு வசந்தத்தில் அவள் பிடித்தாள். ஆறு பவுண்டு. கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். லான்ஸ் நரம்பைச் சுழற்றி அவள் மேல் வீசினான். கொக்கி கன்னத்தில் ஏறியது. மீன் கடித்ததும் தூண்டில் கோலைச் சுண்டி இழுப்போமே, அப்படி இழுத்தான். வாயோரத்திலிருந்து காதுப் பக்கம் வரை அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அவள் சிரித்தால் முகத்தின் அந்தப் பாதி சிரிக்காது.

அதன்பின் அவன் வலது கையால் இரண்டு முறை அவள் கையை முறித்தான். என் குடிசை அடுத்தது, பலகைச் சுவர். எல்லாம் எனக்குக் கேட்டது. நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். கல்யாணமாகி எட்டாவது வருடம் அவளே துடுப்பை எடுத்து அவன் காறை எலும்பை உடைத்து வெளியே தள்ளினாள். அன்றிலிருந்து அவன் மேற்குக் கரையில் மீன் பிடித்தான், இவள் கிழக்குக் கரையில் கடை வைத்தாள். பதினாறு வருடம் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அந்தப் பதினாறாம் வருட செப்டம்பரில் மூன்றாம் நாளாகக் காற்று ஓயவில்லை. ஆலங்கட்டி பக்கவாட்டில் வந்து ஜன்னலில் சரளைக்கல்லாக அடித்தது. வடக்கு ரோட்டில் மரம் விழுந்திருந்தது. காலை பத்து மணிக்கு நான் கடையில் அடுப்போரம் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கதவை உதைத்துக்கொண்டு லான்ஸ் உள்ளே வந்தான்.

வலது கண் இமையில் ஒரு கறுப்புப் பொய்ப்பூச்சி தொங்கியது. கொக்கி இமையைத் துளைத்து உள்ளே போயிருந்தது. கன்னம் முழுக்க ரத்தம். ஒற்றைக் கண்ணோடு ஏரியைச் சுற்றி வண்டி ஓட்டி வந்திருக்கிறான்.

"எடுடி இதை," என்றான்.

நெரிடா டார்ச்சை எடுத்து, எட்டி நின்றே பார்த்தாள். "இமை அசையுறப்ப கொக்கி அசையல. முனை முழிக்குள்ள இறங்கியிருக்கு. நான் தொட மாட்டேன். ஆஸ்பத்திரி."

"ரோட்டுல மரம் கிடக்கு."

"என்கிட்ட ரம்பம் இருக்கு. அறுத்துட்டுப் போலாம். ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரமா? ஊர்ல கண்டவனுக்கெல்லாம் பிடுங்குற, எனக்கு மட்டும் ஆஸ்பத்திரியா? நான் துடிக்கிறதைப் பார்க்கணும் உனக்கு, அதானே?"

"லான்ஸ், அதை இழுத்தா கண்ணும் சேர்ந்து வந்துடும்."

"பொய் சொல்றா, பாசில்! கேட்டியா? பொய்!" என்று என் பக்கம் திரும்பிக் கத்தினான். அவன் கவுண்டருக்கு மேலாகக் கையை நீட்டி அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். அவள் முகம் கல்லாவில் மோதியது. நான் எழுந்து அவன் தோளைப் பிடித்தேன். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. முழங்கையால் ஒரே இடி, நான் அடுப்பின் மேல் விழுந்தேன். உள்ளங்கை வெந்துபோனது.

"நீ எடுக்கலைன்னா நானே பிடுங்கிக்கிறேன்." அவன் விரல்கள் பூச்சியைத் தொட்டன. வலியில் ஊளையிட்டு விட்டுவிட்டான். மறுபடி தொட்டான்.

"நிறுத்து!" என்றாள் நெரிடா. அவள் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. "சரி. எடுக்கிறேன். உக்காரு."

அவன் தானாகக் கேட்கிறான், சாட்சிக்கு நான் இருக்கிறேன். அவள் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், கண் போய்விடும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. தடுக்க வாயைத் திறந்தேன். அவள் கன்னத்துத் தழும்பு கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டேன். ரேடியோவைச் சத்தமாக வைத்த அதே ஆள்தான் நான்.

லான்ஸ் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"விளிம்பைப் பிடி. ரெண்டு கையாலயும். இன்னும் இறுக்கி. நல்ல கண்ணையும் மூடிக்கோ."

"ரெண்டுல பிடுங்குவேன்னு எனக்குத் தெரியும்," என்று பல்லைக் கடித்தான்.

"தெரிஞ்சா நல்லது. அசையாம இரு."

அவள் நரம்பை எடுக்கவில்லை. கவுண்டருக்கு அடியிலிருந்து, பிடித்த மீனை மண்டையில் அடித்துக் கொல்லும் கட்டையை எடுத்தாள். மான் கொம்புப் பிடி, நுனியில் ஈயம் ஊற்றியது.

"ஒண்ணு," என்றாள். "ரெண்டு."

கட்டை அவன் வலது கையின் விரல் முட்டிகளில் இறங்கியது. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம்.

"மூணு," என்றாள் நெரிடா. அதே இடத்தில் மறுபடி அடித்தாள்.

மூன்று என்று அவள் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"பாசில், இடது கை! இடது கையைப் பிடி!" என்று கத்தினாள். வெந்த கையோடு அவன் மேல் விழுந்து அமுக்கினேன். அவள் அவனுடைய இடுப்பு வாரை உருவி இடது கையை முதுகோடு சேர்த்துக் கட்டினாள். காகிதக் கோப்பை ஒன்றைக் கண்ணின் மேல் கவிழ்த்து, கொக்கியில் எதுவும் படாதபடி சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டினாள்.

"என் கை... கையை உடைச்சுட்டாடா..."

"உடைஞ்ச கை கண்ணைப் பிடுங்காது," என்றாள். "எந்திரி. வண்டி ஏறு."

மரத்தை அவளே அறுத்தாள். ஆலங்கட்டி முதுகில் விழ, மரத்தூள் பறக்க, இருபது நிமிடம். நான் பின் இருக்கையில் அவன் தலையை மடியில் அசையாமல் பிடித்திருந்தேன். வழி முழுக்க அவன் அவளைத் தேவடியா என்றான், கொலைகாரி என்றான், கடைசியில் அம்மா என்று அழுதான். அவள் ஒரு குழியில்கூட வண்டியை இறக்கவில்லை.

கொக்கி வெள்ளை விழியில் எதிர்முள் வரை புதைந்திருந்ததாம். இழுத்திருந்தால் கண் கிழிந்து போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கண் பிழைத்தது. கை சரியாகச் சேரவில்லை.

படகுத் துறையில் வழுக்கி விழுந்ததாக லான்ஸ் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறான். அதே பெண் இரண்டாம் முறையும் தன் எலும்பை உடைத்ததைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. டாக்டர் நம்பவில்லை. அடுத்த வாரம் ஹைட் என்ற இளம் கான்ஸ்டபிள் கடைக்கு வந்தான்.

"யாரு அடிச்சது, பாசில் அண்ணே?"

என்னிடம் கேட்டதால் நானே சொன்னேன். அவன் கண்ணைப் பிடுங்கிக்கொள்ளாமல் தடுக்கத்தான் அடித்தாள் என்றேன்.

"எத்தனை அடி?"

"ஒண்ணு," என்றேன். பதினாறு வருடம் கழித்தாவது அவளுக்கு ஒரு உதவி செய்யலாம் என்று நினைத்தேன்.

"ரெண்டு," என்றாள் நெரிடா. சூடாக்கும் பெட்டியிலிருந்து இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி ஒன்றை எடுத்து அவனுக்குத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவரே விழுந்துட்டேன்னுதான் சொல்றாரு. எனக்கு இது போதும்."

"முதல் அடியிலயே கை போச்சு. அது அவன் கண்ணுக்காக. ரெண்டாவது அடிக்குத் தேவையே இல்ல. அதை எழுதிக்கோ. சாஸ் வேணுமா?"

ஹைட் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன். அவன் எழுதிக்கொண்டான்.

நீதிமன்றத்தில் நாற்பது மணி நேரப் பொதுவேலை என்று தீர்ப்பு வந்தது. லான்ஸ் விழுந்ததாகச் சொன்ன அதே படகுத் துறையில் பாசியைச் சுரண்டி அதைக் கழித்தாள். லான்ஸ் மேற்குக் கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் வீசுவதை இரண்டு கண்ணாலும் பார்க்கிறான். கோலைச் சேர்த்துப் பிடிக்க அவன் விரல்கள் மடங்குவதில்லை.

போன வசந்தத்தில் காற்று என் காதில் ஒரு கொக்கியை ஏற்றியது. நெரிடா பெஞ்சைக் காட்டினாள். உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டேன். இப்போதெல்லாம் யாரும் விளிம்பைப் பிடிப்பதில்லை.

"நீயுமா?" என்றாள். முகத்தின் ஒரு பாதி சிரித்தது. "ஒண்ணு."