எக்ஸ்ட்ரா ரப்பர்

கண்ணாடி எனக்குப் படிப்போடு சேர்ந்து வந்தது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவரும் இல்லை, கண்ணாடி போட்டவரும் இல்லை. படிப்பைப் பற்றி அம்மாவுக்கு இருந்த முதல் சந்தேகமே என் மூக்கின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து எனக்கு ஒரு வேலை கிடைத்தபோது, அந்த வேலைக்கு இடைஞ்சலாக வந்து நின்றதும் அதே கண்ணாடிதான்.

காதால் செய்கிற வேலை அது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் விவரத்தை வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு லாட்ஜின் மாடிக்கு வந்து சேரும். நாங்கள் அதைக் கேட்டு டைப் அடித்து அனுப்புவோம். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். இதை அம்மாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போனது.

“எவனுக்கோ வயித்துவலி. அதை இன்னொருத்தன் சொல்றான். நீ இங்க உக்காந்து எழுதற. இதுக்கு சம்பளமா?”

“ஆமாம்மா.”

“இதுல இன்னாமோ இருக்குது. பாத்து நடந்துக்கோ.”

அம்மாவின் சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த வேலைக்கு அது நல்லதுதான். ஹைப்போ என்றால் கம்மி, ஹைப்பர் என்றால் ஜாஸ்தி. டாக்டர் அவசரத்தில் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டால் நோயாளிக்கு இருக்கிற நோயே தலைகீழாகிவிடும். அதனால் எங்களுக்கு ஒரு விதி உண்டு. காதில் சரியாக விழாத சொல்லை ஊகித்து அடிக்கக் கூடாது. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு விட்டுவிட வேண்டும். அதற்குப் பெயர் ப்ளாங்க். ஆனால் ப்ளாங்க் அதிகமானால் ஆள் சரியில்லை என்று அர்த்தம். ஊகித்தாலும் குற்றம், ஊகிக்காமல் விட்டாலும் குற்றம்.

ஆபீஸ் ஹெட்போன் பெரியது. காதை முழுசாக மூடும். அதில் டாக்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். அவர் காகிதம் புரட்டுவதும், எச்சில் விழுங்குவதும்கூடக் கேட்கும். ஆனால் அதன் பஞ்சு என் கண்ணாடிக் காம்பைக் காதோடு சேர்த்து அழுத்தும். மத்தியானத்துக்குள் நெற்றிப்பொட்டு இரண்டும் விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்துவிடும். கண்ணாடியைக் கழற்றினால் திரை தெரியாது. ஹெட்போனைக் கழற்றினால் டாக்டர் இல்லை. என் தப்புகள் எல்லாம் சாப்பாட்டு வேளைக்குப் பிறகுதான் விழுந்தன.

அந்தச் சமயத்தில்தான் ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. எல்லோருக்கும் ஒரே பதிவைக் கொடுத்து ஒரு பரீட்சை. தேறினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் டைப்பைச் சரிபார்க்கிற மேடத்திடம் போய், ஹெட்போனுக்குப் பதில் காதுக்குள் வைக்கிற இயர்போன் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“எதை வேணா போட்டுக்கங்க. ஆனா பெருசுல கேக்கற மாதிரியே அதுலயும் கேக்கணும். கேக்கலைன்னு அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

பழக்கத்துக்கென்று ஆபீஸில் கொடுத்திருந்த ஒரு பதிவை என் சின்ன எம்பித்ரீ பிளேயரில் ஏற்றிக்கொண்டு, தேரடிப் பக்கம் செல்போன் கவரும் சார்ஜரும் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். முதலில் பட்டன் போல இருந்த இயர்போன்களை எடுத்துப் போட்டார். காதின் வாசலில் அவை தொத்திக்கொண்டு நின்றன. டாக்டரோடு சேர்ந்து தெருவில் போன ஆட்டோவும் உள்ளே வந்தது.

“பாட்டு போட்டுப் பாருங்க சார். குத்துப் பாட்டு போட்டாதான் பீஸோட தரம் தெரியும்.”

“எனக்குப் பாட்டு வேணாங்க. இந்த ஆள் பேசறதுதான் வேணும்.”

அவர் ஒரு பக்கத்தை வாங்கித் தன் காதில் வைத்தார். முகம் மாறியது.

“இன்னா சார் இது? எவனோ தூக்கத்துல பொலம்பறான். இதையா காசு குடுத்து கேக்கறீங்க?”

“கேக்கறதுக்கு எனக்குக் காசு தராங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அம்மா பார்த்த அதே பார்வை. பிறகு, உள்ளேயிருந்து ரப்பர் வைத்த புது மாதிரி ஒன்றை எடுத்துவந்தார். பாக்கெட்டின் மேல் கம்பெனிப் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். நடுவில் ஓர் எழுத்தைக் காணோம்.

“ஸ்பெல்லிங் தப்பா இருக்குதே. டூப்ளிகேட்டா?”

“எழுத்தையா சார் காதுல கேக்கப்போறீங்க?”

“போட்டுப் பாத்துட்டு வாங்கறேன்.”

“பாக்கெட்டப் பிரிச்சா வாங்கிக்கணும் சார். காதுல போட்ட பொருளை அப்புறம் எவன் வாங்குவான்?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயமாகப் பேசுகிற கடைக்காரரைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். ஆனாலும் வேறு வழியில்லாமல் வாங்கினேன்.

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து பாக்கெட்டைப் பிரித்தேன். இயர்போனில் ஏற்கெனவே ஒரு ஜோடி ரப்பர் மாட்டியிருந்தது. தனியாக ஒரு சின்னக் கவரில் இன்னும் இரண்டு ஜோடி இருந்தது. எக்ஸ்ட்ரா. எங்கள் வீட்டில் எக்ஸ்ட்ரா என்றால் தொடக் கூடாது. சட்டையோடு வரும் எக்ஸ்ட்ரா பட்டன், குக்கரோடு வரும் எக்ஸ்ட்ரா வாஷர் எல்லாம் ஒரு தகர டப்பாவுக்குள் போகும். ஏதாவது கெட்டுப்போகிற அன்றைக்கு வெளியே வரும். டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட நாங்கள் இன்னும் பிரித்திருக்கவில்லை. ரப்பர் கிழிந்தால் ஆகும் என்று அந்தக் கவரை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா பத்திரமாக டப்பாவில் போட்டுவிட்டார்.

பிளேயரைப் போட்டேன். டாக்டர் எங்கோ ஒரு தகரக் கொட்டகைக்குள் நின்று பேசினார். குரலில் வயிறே இல்லை. வெறும் உதடுதான் பேசியது. ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஹெட்போனில் தெளிவாகக் கேட்ட இடங்களில் எல்லாம் ப்ளாங்க் விழுந்தது. சந்தேகமே இல்லை, டூப்ளிகேட்தான்.

மறுநாள் நேராகக் கடைக்குப் போனேன்.

“நீங்க குடுத்தது டூப்ளிகேட்டுங்க. ஒண்ணுமே கேக்கல.”

கடைக்காரர் சட்டை நுனியால் ரப்பரைத் துடைத்துவிட்டுத் தன் காதில் செருகினார். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

“எனக்கு ஜம்முனு கேக்குது சார். அந்த ஆளு மூச்சு வாங்கறதுகூடக் கேக்குது. பீஸ்ல ஒண்ணும் இல்ல. உங்க காதைக் காட்டுங்க யார்கிட்டயாவது.”

பக்கத்தில் சார்ஜர் வாங்க நின்ற ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் போய்விட்டது என்று சின்ன வயதிலேயே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். காதும் போய்விட்டால் இந்த வேலையில் நான் எதை வைத்துக்கொண்டு உட்காருவது? ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது பக்கத்தில் இருந்தவர்கள் பேசுவது வலது காதில் கொஞ்சம் கம்மியாகக் கேட்பது போல இருந்தது. வீட்டுக்கு வந்து சுவர்க்கடிகாரத்துக்கு ஒரு காதையும் மறு காதையும் மாற்றி மாற்றிக் கொடுத்து நின்றேன்.

“இன்னாடா, கடியாரத்தை மோந்து பாக்கற?” என்றார் அம்மா.

பரீட்சைக்கு முன்பு வந்த பௌர்ணமி அன்று ஆபீஸுக்குப் போக முடியவில்லை. கிரிவலக் கூட்டத்துக்காகக் காலையிலேயே பஸ்ஸை எல்லாம் திருப்பிவிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே அன்னதானப் பந்தல் போட்டு, குழாய் ரேடியோவை எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று ஒருவர் மத்தியானம் பூராவும் டெஸ்ட் மட்டுமே செய்துகொண்டிருந்தார். பயிற்சியை விடவும் மனமில்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு, மைக் சத்தம் தாங்காமல் இரண்டு காதையும் அதற்கு மேலேயே விரலால் அழுத்தி மூடினேன்.

டாக்டர் அறைக்குள் வந்துவிட்டார்.

குரலுக்கு வயிறு வந்துவிட்டது. காகிதம் புரண்டது. விரலை எடுத்தேன், தகரக் கொட்டகை. அழுத்தினேன், பக்கத்து நாற்காலி. கெட்டிருந்தது காதும் இல்லை, பீஸும் இல்லை. ரப்பருக்கும் காதுக்கும் நடுவில் சந்து இருந்தது. அந்தச் சந்து வழியாக டாக்டரின் பாதிக் குரல் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரரின் காதுக்கு அந்த ரப்பர் சரியாக இருந்திருக்கிறது. என் காது அகலம்.

தகர டப்பாவைக் கவிழ்த்தேன். கவரில் இருந்தவை எக்ஸ்ட்ரா இல்லை. ஒரு ஜோடி சின்னது, ஒரு ஜோடி பெரியது. வேறு வேறு சைஸ். செருப்பைப் போல. ஆனால் பெரியதில் ஒன்றுதான் இருந்தது.

“அம்மா, இதோட ஜோடி எங்க?”

அம்மா தலையைத் திருப்பிக் காட்டினார். கம்மலின் திருகாணி லூசாகி அடிக்கடி கழன்று விழுந்துகொண்டிருந்தது. மடலுக்கும் திருகாணிக்கும் நடுவில் வாஷர் மாதிரி என் ரப்பர் உட்கார்ந்திருந்தது.

“எதுக்கும்மா எடுத்த?”

“கடைக்காரன் காதுக்குன்னு தானேடா குடுத்தான்? காதுலதான் போட்டிருக்கேன்.”

சின்ன ரப்பரைக் கொடுத்து அதை மாற்றி வாங்குவதற்குள் அம்மா கம்மலைப் பற்றி நிறைய கேள்வி கேட்டார். கழுவித் துடைத்து மாட்டினேன். விரல் வைக்காமலே டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அப்போதும் நான் முழுசாக நம்பவில்லை. எழுத்து குறைந்த பாக்கெட்டில் வந்த பொருள். பேஸ் என்கிற அடிக்குரலை மட்டும் ஏற்றிக்கொடுத்து ஆளை ஏமாற்றுகிற சாமான் எத்தனையோ உண்டு. பரீட்சையன்று இயர்போனில் கேட்டு முழுவதையும் அடித்தேன். பொட்டு தெறிக்கவில்லை. ஒரு சொல்லில் மட்டும் சந்தேகம் வந்தது. நோயாளிக்கு ஏற்கெனவே தைராய்டு இருந்ததாக டாக்டர் சொல்கிறார். அது ஹைப்போவா, ஹைப்பரா? கடைசி எழுத்தை விழுங்கிவிட்டார். மருந்தின் பெயரையாவது சொல்லியிருந்தால் பிடித்துவிடலாம், அதையும் சொல்லவில்லை. ஹைப்போதான் அதிகம் வரும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் படபடவென்று அடித்துக்கொண்டு போனார்கள்.

டூப்ளிகேட் தன் புத்தியைக் காட்டிவிட்டது என்று நினைத்து, ஆபீஸ் ஹெட்போனை எடுத்து மாட்டினேன். அதே இடம். அதிலும் டாக்டர் அப்படியேதான் விழுங்கினார். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஹெட்போனில் எவ்வளவு சந்தேகமோ இயர்போனிலும் அவ்வளவுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இயர்போன் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான். கோடு போட்டு விட்டேன்.

சாயங்காலம் மேடம் கூப்பிட்டார்.

“எல்லாரும் ஹைப்போ அடிச்சிருக்காங்க. நீங்க மட்டும் ஏன் ப்ளாங்க் விட்டீங்க?”

“சந்தேகமா இருந்தது மேடம்.”

“அந்த இயர்போனால இருக்கும். நான் அப்பவே சொன்னேன்.”

“இல்ல மேடம். ஹெட்போன்லயும் கேட்டேன். ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் முழுங்கறாரு.”

மேடம் ஹெட்போனை மாட்டி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். பிறகு என் இயர்போனை வாங்கி, துப்பட்டாவால் நன்றாகத் துடைத்துவிட்டுக் காதில் வைத்தார். அது நழுவி விழுந்தது.

“இது எனக்கு நிக்கலையே. சின்ன சைஸ் இல்லையா?”

“இருக்குது மேடம். வீட்டுல.” எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் விரலால் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு கழற்றி மேஜையில் வைத்தார்.

“எனக்கும் தெரியல. டாக்டருக்கே திருப்பி அனுப்பறேன், அவரே சொல்லட்டும். நீங்க திங்கக்கிழமை வந்துடுங்க. உங்க ஃபைல் எல்லாம் இனிமே நேரா டாக்டருக்கே போகட்டும், நான் பார்க்க வேணாம். அப்படிப் போறவங்களுக்கு ரேட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.”

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“வேலை இருக்குதாடா?”

“இருக்குதும்மா. சம்பளம்கூட ஏத்துவாங்கபோல.”

“எல்லாரையும்விட நல்லா எழுதினியா?”

“இல்லம்மா. எல்லாரும் எழுதின ஒரு வார்த்தையை நான் எழுதாம விட்டுட்டேன். அதான்.”

அம்மா கம்மலைத் தொட்டு ரப்பர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு என் முகத்தையும் அதே மாதிரி பார்த்தார்.

“எழுதாம விட்டதுக்கா சம்பளம் ஜாஸ்தி?” என்றார். “நான் அப்பவே சொன்னேன். இதுல இன்னாமோ இருக்குது.”