பாம்புக்காதும் மூன்றாம் நம்பர் கம்ப்ரஸரும்

கம்ப்ரஸர் அறையில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பாம்புக்காது என்றால்தான் தெரியும். ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடுவார். "இந்த பேரிங் பத்து நாள் தாங்காது" என்றால் தாங்காது. முப்பது வருஷமாக அந்தக் காதுதான் சோறு போட்டது.

ஐம்பத்தாறு வயதில் காதுக்குள் ஓர் இரைச்சல் வந்து குடியேறியது. மனைவி விடாப்பிடியாக டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"உள்காதுல பொடிப்பொடியா முடி மாதிரி செல்லுங்க இருக்கு," என்றார் டாக்டர். "ஓயாத சத்தத்துல அதுக்குள்ள ஆக்சிஜனே விஷமா மாறி, துரு மாதிரி அரிச்சிடும். செத்தது மறுபடி முளைக்காது."

"துருவைத் தடுக்க மாத்திரை இல்லைங்களா?" என்றாள் மனைவி.

"ஆராய்ச்சி நடக்குதும்மா. எலிக்குக் கொஞ்சம் பலிச்சிருக்கு. இப்போதைக்குக் காதை மூடிட்டு வேலை பாக்கச் சொல்லுங்க. இருக்கிறதாவது மிஞ்சும்."

காதை மூடிக்கொண்டு பேரிங் கேட்பது எப்படி? மனிதர் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டார். துருவைத் தடுக்குமென்று மருந்துக்கடையில் விட்டமின் மாத்திரை வாங்கி வேளை தவறாமல் விழுங்கினார். கம்பெனி கொடுத்த காதுமூடி ஆணியிலேயே தொங்கியது. "அதான் மாத்திரை போடறேன்ல," என்பார். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு வருஷம் ஓடியது. ஒருநாள் காலை, மூன்றாம் நம்பருக்குப் புது பேரிங் போட்டார்கள். அவர் ஊன்றிக் கேட்டார்.

"நல்லா இருக்கு. ஓடட்டும்."

யாரும் நகரவில்லை. போர்மேன் தரையைப் பார்த்தார். பாம்புக்காது சொன்ன பிறகு எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? கடைசியில் அந்த இயந்திரத்தை ஓட்டும் ஆபரேட்டர் பெண்தான் சொன்னாள்.

"அண்ணே, கீச்சுனு கத்துதே. வாசல் வரைக்கும் கேக்குதுண்ணே."

மறுபடி வைத்தார். எலும்பு வலிக்க அழுத்தினார். அடியில் உறுமல் மட்டும் கேட்டது.

"ஆமா," என்றார். "இப்ப கேக்குது. நிறுத்துங்க."

அன்றிலிருந்து அவர் கண்ணை மூடுவதில்லை. அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவள் முகத்தையே பார்க்கிறார். அவள் முகம் சுளித்தால் நிறுத்தச் சொல்வார். சுளிக்காவிட்டால் ஓடட்டும் என்பார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் என்று அவளுக்கும் தெரியும். அண்ணன் மானம் போகக் கூடாதென்று, காதைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நிற்கிறாள். டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவருக்கு மறக்கவில்லை. அதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.