பச்சை வாசனையைப் பார்த்துக்கொண்ட கதை

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் குடியிருந்துகொண்டு, தேயிலை மணத்தை டப்பியில் அடைக்கக் கிளம்பியவன் நான். ஜன்னலைத் திறந்தால் சும்மா வருகிற சமாச்சாரம் அது. என்னைவிடப் பெரிய முட்டாள்கள் வண்டிப்பெரியாரில் இருக்கலாம், எனக்கு அறிமுகமில்லை.

கொழுந்தைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கினால் ஒரு பச்சை மணம் எழும்பும். எழும்பின வேகத்திலேயே போயும் விடும். ரிசார்ட்டில் தங்க வருகிறவர்கள் அப்படிக் கசக்கி முகர்ந்துவிட்டு, இது விலைக்குக் கிடைக்குமா என்று கேட்கிறார்களாம். ரிசார்ட்டுக்குள் இருக்கும் கடையைக் கவனிக்கிற மலையாளி மேடம் அதற்காக எனக்கு அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கியிருந்தார். ஒரே நிபந்தனை: காலையில் மணிக்கட்டில் தடவினால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் பச்சையாக மணக்க வேண்டும். இல்லையென்றால் தட்டு ஹோம்மேட் சாக்லேட்காரருக்கு, எனக்கு மச்சானின் ஜீப். கொண்டை ஊசி வளைவில் பயணிகளுக்கு முன்னால் தலை சுற்றுகிற டிரைவர் நான். ஆனாலும் என் மனைவி அவள் அண்ணனிடம் பேசி வைத்தாயிற்று.

பறக்கிற மணத்துக்கு அடியில் கனமான ஒன்றை வைத்தால், அது காலைப் பிடித்து நிறுத்தும் என்று படித்திருந்தேன். வெட்டிவேர் எண்ணெயை ஊற்றினேன். நின்றது. மச்சான் முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, புது ஏர் கூலர் வாங்கியிருக்கீகளா?" என்றார். சாம்பிராணி சேர்த்தேன். அதுவும் நின்றது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாதிரி. பச்சை மட்டும் எங்கேயோ அடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

நிறுத்திவைக்கிற சரக்குக்கே கொஞ்சம் பச்சை குணம் வேண்டும் என்று அப்புறம்தான் உறைத்தது. கல்பனம் என்று ஒரு பிசின் வரவழைத்தேன். பச்சைப் பட்டாணியை உரித்த மாதிரி மணம், அவசரமாகப் பறக்காது. பெருங்காயத்துக்குப் பங்காளி முறை. அதைத் தேங்காய் எண்ணெயில் கரைத்து, வாடவிட்ட கொழுந்தும் ஒரு துளி வெட்டிவேர் எண்ணெயும் சேர்த்து, சட்டியை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தேன். அடுப்பு எரிகிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டிய அளவுக்குத் தீ. மேடத்திடம் கொண்டுபோக வேண்டிய நாள் அது. டப்பி தீர்ந்திருந்தது. வாங்குவதற்கு ஓடும்போது மனைவியிடம் சொன்னேன்:

"அடுப்புல பச்சை வாசனை இருக்கு, கொஞ்சம் பாத்துக்க."

தமிழில் சமையல் கற்றுக்கொண்ட யாரிடமும் சொல்லக் கூடாத வாக்கியம்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே மூக்கு தகவல் சொல்லிவிட்டது. வெந்நீர்ப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. சட்டி நேராகத் தீயில். கரண்டியோடு வியர்த்து நின்றாள்.

"என்னத்தங்க கலந்தீங்க? நானும் வதக்குறேன், வதக்குறேன், பச்சை வாசனை போவேனாங்குது. இப்பத்தான் லேசா அடங்கியிருக்கு."

"அது போகக் கூடாதுடி!"

"போகாம எப்படி வாயில வைக்கிறது?"

"கையில தடவுறது."

"அப்புறம் எதுக்கு அடுப்புல வச்சீங்க?"

என்னிடம் பதில் இருந்தது. கரண்டி அவளிடம் இருந்தது.

வேறு சரக்கும் கிடையாது. வடிகட்டி எடுத்துக்கொண்டு போனேன். மேடம் மணிக்கட்டில் தடவிக்கொண்டு, "ஊணு கழிஞ்சு பார்க்கலாம் சேட்டா" என்று கடைக் கணக்கில் உட்கார்ந்துவிட்டார். மதியச் சாப்பாடு முடிகிற வரை நான் வெளியே நின்று, மச்சானின் ஜீப்பில் ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கம் என்று ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தேன்.

மீன்கறி சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்து மற்றக் கையை முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார்.

"பச்சை நிக்குது. அடியில என்ன, கறிவேப்பில வறுத்ததா?"

"அது எங்க வீட்டுப் பக்குவம் மேடம்."

"கொள்ளாம், நல்லா இருக்கு. அடுத்த பேட்சும் இதே மணம் வேணும். மாறினா தட்டு சாக்லேட்டுக்கு."

மச்சானின் ஜீப் ஒரு பேட்ச் தள்ளிப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும், போனில் டைமரைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து காட்டாத மரியாதையோடு மனைவியிடம் கேட்டேன்:

"காலையில சட்டியை எவ்வளவு நேரம்மா வதக்குனே?"

அவள் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பச்சை வாசனை போற வரைக்கும்."