மாலையைக் கையில் வாங்குகிறவள்

“நீ கண்ணால பார்த்தியா? சொல்லு லா, பார்த்தியா?” என்று கேட்டுக்கொண்டே கீரைக்கட்டை முனியாயியின் மூக்குக்கு நேராக ஆட்டினாள் சுப்பம்மா. காய்கறி வேன்காரன் தராசைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றான்.

“பார்க்க வேற செய்யணுமா? தாமான் பூரா பேசுது. கிளப்புல தெனம் ஒருத்தன் அவ கழுத்துல மாலை போடுறானாம். பொண்ணா லா அது?”

“வாய் வெந்து போயிரும் உனக்கு. அது பாட்டுப் பாடுற புள்ள. ஓம் மருமவன் மாதிரி காலையிலயே குடிச்சிட்டு கோயில் வாசல்ல விழுந்து கெடக்கல.”

முனியாயி வெங்காயத்தைக்கூட வாங்காமல் போய்விட்டாள். சுப்பம்மா வீட்டுக்கு வந்து கீரையை ஆய்ந்தாள். ஆய்ந்ததைக் குப்பையிலும் காம்பைச் சட்டியிலும் போட்டாள். மாலையா? இதென்ன புதுக் கதை?

பக்கத்து வீட்டுத் தேவமலரை அந்தப் பிள்ளையின் எட்டு வயதிலிருந்தே சுப்பம்மாவுக்குத் தெரியும். அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தை விட்டு இரண்டு குடும்பமும் ஒரே லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு ஆயர் குரோவில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தவை. தாய் இல்லாத பிள்ளை. இப்போது இருபத்தெட்டு வயது. பகலெல்லாம் கம்பெனியில் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை விட்டுக்கொண்டு வேலை. சாயங்காலம் வந்ததும் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிப்பாள். அந்தக் கரகரப்பு சுவர் தாண்டிக் கேட்டால் சுப்பம்மா அரிசி களைய எழுந்துவிடுவாள். கடிகாரம் தேவையில்லை.

பிறகு கப்சாய் மோட்டார் சைக்கிளில் மலாக்கா டவுனுக்குப் போவாள். மினுமினுக்கும் கவுன் பிளாஸ்டிக் பையில், மல்லிகைச் சரம் சோப்பு டப்பாவில். தலையில் வைத்தால் ஹெல்மெட்டுக்குள் நசுங்கிவிடுமாம். மேடைக்குப் பின்னால் நின்று கடைசி நிமிடத்தில் சூடிக்கொள்வாளாம். கவுனுக்கு மல்லிகை பொருந்தாது என்று கிளப் முதலாளி தவுக்கே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார். “பூ இல்லாம வாய் தொறக்காது தவுக்கே” என்று சொல்லிவிட்டாளாம்.

தமிழ், மலாய், இங்கிலீஷ், இந்தி, சீனம் என்று எல்லாம் பாடுவாள். சீனப் பாட்டைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்திருப்பாள். அர்த்தம் தெரியாமல் எப்படிப் பாடுகிறாய் என்று சுப்பம்மா ஒருமுறை கேட்டாள்.

“அழுவுற பாட்டா, சிரிக்கிற பாட்டான்னு தவுக்கேகிட்ட கேட்டுக்குவேன் அத்தே. அது போதும்.”

நீட்டி இழுக்கும் இடம் வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். துணி துவைக்கும்போது முனகினாலும் அப்படித்தான். சோப்பு நுரை மூக்கில் ஏறினாலும் திறக்கமாட்டாள்.

அவள் அப்பா ரங்கசாமி கம்பெனி ஒன்றில் வாயில் காவல்காரர். மகள் கிளப்பில் பாடுகிறாள் என்று அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. யார் கேட்டாலும் “ஓவர்டைம்” என்பார். ஊரும் “இன்னிக்கும் ஓவர்டைமா மாமா?” என்று கேட்டுச் சிரிக்கும்.

அன்று சாயங்காலம் சுப்பம்மா நேராகவே கேட்டாள். தேவமலர் கவுனில் உதிர்ந்த மினுக்கு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“மாலை உண்டு அத்தே. பாட்டு புடிச்சா காசு கட்டி மாலை வாங்கிப் போடுவாங்க. எல்லா கிளப்புலயும் அப்படித்தான்.”

சுப்பம்மா அப்படியே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

“அடிப்பாவி! கழுத்துலயா?”

“மத்தவங்க கழுத்துல வாங்குவாங்க. நான் கையில வாங்குவேன். ஐயர்கிட்ட பிரசாதம் வாங்குற மாதிரி ரெண்டு கையையும் நீட்டிருவேன். போட வந்தா ஒரு அடி பின்னால போயிருவேன். தவுக்கேக்கு அதுல கோவம்தான். நான் என்ன செய்ய?” நூலைப் பல்லால் கடித்தாள். “அதுவும் பிளாஸ்டிக்கு மாலை. ஒரே மாலைய ஒரு ராத்திரிக்குப் பத்துப் பேருக்கு விக்கிறாங்க. பூசாரி பார்த்தா நம்ம கோயில்லயும் ஆரம்பிச்சிருவாரு.”

சுப்பம்மா சிரித்துவிட்டாள். ஆனால் அன்று ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டு யோசித்தாள். ஆண்பிள்ளை நீட்டும் மாலையை வாங்க ஒரு பெண் தினமும் கையை நீட்டிக்கொண்டு நிற்பதா? மறுநாள் முனியாயியைப் பார்த்தபோது, “கையிலதான் வாங்குது, தெரிஞ்சிக்க!” என்று அவள் கேட்காமலே சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அது நடந்தது. அலோர் காஜாவில் மூன்று லாரி வைத்திருக்கும் காளிதாஸ் என்பவன் வாராவாரம் கிளப்புக்கு வந்து முன் மேசையில் உட்காருவான். குடித்துக் கலாட்டா செய்கிறவன் இல்லை. மாலை வாங்குவான், தேவமலர் கையில் கொடுப்பான், போய்விடுவான். அன்று அவள் நீட்டி இழுத்த இடத்தில், கண் மூடியிருந்தபோது, பின்பக்கமாக மேடையேறிக் கழுத்தில் போட்டுவிட்டான். கூட வந்தவன் படம் பிடித்தான். அவள் மாலையைக் கழற்றி மைக் கம்பத்தில் மாட்டிவிட்டு மிச்சப் பாட்டையும் பாடி முடித்தாளாம்.

புதன்கிழமைக்குள் அந்தப் படம் சாப்பாட்டுக் கடை மேசைகளையெல்லாம் சுற்றிவிட்டு ரங்கசாமியின் கைக்கு வந்தது. அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓவர்டைம்” என்று சொல்லத்தான் வாய் போனது போலிருக்கிறது; படத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காளிதாஸ் பெண் கேட்டு ரங்கசாமி வீட்டுக்குத் தட்டோடு வந்தான். பழம், வெற்றிலை, பட்டுப்புடவை, அவன் சித்தப்பா, சித்தி. சீனிப் பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தது யார் என்கிறீர்கள்? முனியாயி! சுப்பம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேற்றுவரை பெண்ணா என்று கேட்ட வாய், இன்று “மகாலட்சுமி லா இந்தப் புள்ள” என்கிறது.

“நூறு பேர் பார்க்க மாலை போட்டேன் மாமா,” என்றான் காளிதாஸ், மரியாதையாக, கையைக் கட்டிக்கொண்டு. “இனிமே ஒரு பய அவங்களப் பத்திப் பேச மாட்டான். நான் பார்த்துக்கிறேன்.”

“கேட்டுப் போட்டீங்களா?” என்றாள் தேவமலர், சமையலறை வாசலிலிருந்து.

அவன் சிரித்தான். சித்தி சிரித்தாள். வீடே சிரித்தது.

ரங்கசாமிக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் நின்றது. “கழுத்துல விழுந்துருச்சேம்மா. இனிமே யாரு வருவா?”

“பிளாஸ்டிக்கு மாலைப்பா அது! எனக்கு முன்னால பாடுன ஜோகூர்க்காரி கழுத்துலயும் அதே மாலையத்தான் போட்டாங்க. அவளையும் கட்டிக்கச் சொல்லுங்க.”

“வாய மூடு!” என்றார் சித்தப்பா. இன்னும் பெண்ணைக் கேட்டே முடியவில்லை, அதற்குள் அதட்டல்.

தட்டை வாங்க வீட்டில் பெண் துணை வேண்டுமே. எல்லாரும் சுப்பம்மாவைப் பார்த்தார்கள். அவள் தேவமலரைப் பார்த்தாள். எத்தனை வருஷமாக இந்தப் பிள்ளைக்காக வேன் வாசலிலும் கோயில் வாசலிலும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள்! இன்றோடு எல்லா வாயும் அடைத்துவிடும். பையனும் கெட்டவனாகத் தெரியவில்லை.

“சரின்னு சொல்லிரும்மா மலரு,” என்றாள்.

சொன்னது தன் வாய்தானா என்று அவளே திடுக்கிட்டாள். அதற்குள் கை நீண்டு தட்டை வாங்கிவிட்டது. தட்டு நல்ல கனம். எட்டி வாங்கிய வேகத்தில் முந்தானை தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கியது. சரி செய்ய இரண்டு கையும் ஒழியவில்லை.

தேவமலர் அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடச் சுப்பம்மாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிறகு உள்ளே போனாள். அலமாரிக் கதவு திறந்து மூடியது. தோளில் ஒரு பையோடு திரும்பி வந்தாள்.

“எங்கம்மா போற?” என்றார் ரங்கசாமி.

“கோலாலம்பூர் கிளப் ஒண்ணுல பாட ஆள் கேட்டாங்கப்பா. ரெண்டு மாசமா மாட்டேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.”

யாரும் வழி மறிக்கவில்லை. மறிக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதற்குள் அவள் வாசல் வரை போய்விட்டாள். அங்கே தட்டோடு நின்ற சுப்பம்மாவின் அருகில் ஒரு நிமிடம் நின்றாள். நழுவிக் கிடந்த முந்தானையை எடுத்து, உதறி, மடிப்புக் கலையாமல் அவள் தோளில் போட்டுவிட்டு, படியிறங்கினாள்.