அடுப்படியில் வாசித்த செர்பியக் கவிதை

இன்று எழுத்துக் கூட்டி ஒரு முழுக் கவிதையைப் படித்து முடித்தேன்.

செர்பியா நாட்டில் இப்போது வாழும் ஒரு பெண் எழுதியது. இந்தக் குழுவில் யாரோ தமிழாக்கிப் போட்டிருந்தார்கள். அவருக்குப் பகலில் பள்ளிக்கூட வேலை, பிறகு சமையல். எல்லாரும் எழுந்து போன சாப்பாட்டு மேசையில்தான் அவர் கவிதை எழுதுவாராம்.

சந்தோஷம் தாங்காமல் அடுப்படிக்கே போய் மருமகளுக்கு இதையும் கவிதையையும் வாசித்துக் காட்டினேன். எம்.ஏ. தமிழ் படித்தவள். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நல்லா வாசிக்கிறீங்க மாமா. அந்தம்மாவுக்கு மேசையாச்சும் மிஞ்சுச்சு. நான் கவிதை எழுத தினம் ஒரு மணி நேரம் வச்சிருந்தேன். அதுலதான் உங்களுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்தேன்."

அவள் கவிதை எழுதுவாள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

எழுபத்தொரு வயதில் எழுத்து வந்துவிட்டது. சட்டி கழுவ எத்தனை நாளில் வரும்? கழுவிப் பழகிய ஆண்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.