மதினியின் பாட்டு வெளியான வெள்ளிக்கிழமை

அப்பாவின் அக்கா, பெரியத்தை, தன் கைப்பேசியைக் கூடத்து மேசைமேல் வைத்து, சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமைக் காலை அது. அப்பா பாதி குடித்த காபியோடு உட்கார்ந்திருந்தார். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். மதினி சமையலறை வாசலில், கையில் இட்லி மாவு காய்ந்துகொண்டிருக்க, அசையாமல் இருந்தார். பாட்டு தொடங்கச் சில நொடிகள் ஆயின. அந்த நொடிகளில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டைப் பெரியத்தையின் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான்தான்.

மதினி என் அண்ணனின் மனைவி, திருச்சிக்காரர். அண்ணன் அங்கே பொறியியல் படித்த காலத்தில் இருவருக்கும் பழக்கம். அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். நாங்கள் அமராவதிபுதூரில் வயலும் கோயில் காரியங்களில் முன்வரிசையும் உள்ள குடும்பம். இரண்டு வீட்டிலும் சம்மதம் கிடைக்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மதினியின் அம்மா அன்றோடு மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அப்பா ஆறு மாதம் கழித்து இருவரையும் வீட்டில் சேர்த்துக்கொண்டார். சேர்த்த அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இங்குட்டு வந்தாச்சு. இனி அங்குட்டுப் பேச்சு இந்த வீட்டுல வேணாம்." அங்குட்டு என்றால் சர்ச்சா, ஜெபமா, அம்மாவா, பாட்டா என்று அப்பா பிரித்துச் சொல்லவில்லை. எல்லாம்தான் என்று மதினி எடுத்துக்கொண்டார். அப்படியில்லை என்று சொல்லியிருக்க வேண்டியவன் அண்ணன். அவன் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் மதினி 'வாங்க, போங்க' என்பதைக்கூட விட்டுவிட்டு எங்களைப் போலவே 'வாரீக, போறீக' என்று பேசக் கற்றுக்கொண்டார். அம்மாவுக்கு அதில் பெருமை. எனக்கும்தான், அப்போது.

நான் காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். படிப்பைவிடப் பாட்டில்தான் புத்தி போகும். அதுவும் சினிமாப் பாட்டு அல்ல. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு அறையில் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துத் தாங்களே எழுதித் தாங்களே வெளியிடும் இண்டி ராக் பாட்டுகள். வெள்ளிக்கிழமை ஆனால் கைப்பேசிச் செயலியில் புதிய வெளியீடுகள் வரிசையாக வந்து நிற்கும். பெயர் கேள்விப்படாத குழு, இருபது பேர்கூடக் கேட்டிராத பாட்டு, அதில் ஒன்று திடீரென்று நெஞ்சில் அறையும். அதைக் கண்டுபிடித்தவள் நான் என்ற கர்வத்தோடு வார இறுதி முழுக்கத் திரிவேன். என் தோழிகள் யாருக்கும் இது பிடிக்காது. வீட்டில் மதினி ஒருவர்தான் கேட்பார். மாலையில் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போகும்போது இயர்போனில் ஆளுக்கு ஒரு காது. "டிரம்ஸ்காரன் ஓடுறான் பாப்பா, பாடுறவன் பின்னாடியே மூச்சு வாங்குறான்" என்பார். இவ்வளவு துல்லியமாக இவருக்கு எப்படித் தெரிகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சர்ச்சில் பாடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த டிசம்பரின் முதல் வாரத்தில் செயலி தானாகவே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் போய்விட்டது. ஏதோ வெளிநாட்டுக் குழு, பழைய கீதம் ஒன்றைக் கிட்டாரில் இழுத்து இழுத்து வாசித்திருந்தார்கள். நான் அவசரமாக மாற்றப் போனேன். மதினி என் மணிக்கட்டைப் பிடித்தார். "மாத்தாத" என்றார். பாட்டு முடிந்ததும் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து தேடுவது என் வேலையாயிற்று. கல்லூரி இடைவேளையில், பேருந்தில், பாடம் நடக்கும்போது மேசைக்கடியில் என்று தேடினேன். டோலக்கும் ஆர்மோனியமும் வைத்துக் கிராமத்துச் சர்ச்சுகளில் பதிவு செய்த தமிழ்ப் பாட்டுகள், குழந்தைகள் சுருதி தப்பிப் பாடும் பாட்டுகள், அந்த வாரம்தான் வெளிவந்த ராக் பாட்டுகள். கிறிஸ்துமஸில் இத்தனை விதமான பாட்டு இருக்கும் என்பதே எனக்குப் புதிது. மாலையில் மாடியில் ஒவ்வொன்றாகப் போடுவேன். யாராவது படியேறும் சத்தம் கேட்டால் இயர்போனைப் பிடுங்கிக் கூடைக்குள் போட்டுவிடுவோம். அம்மா ஒருமுறை ஏறி வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னடி ரெண்டு பேரும் திருடுனவுக மாதிரி முழிக்கிறீக?" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். மதினி சிரிக்கவில்லை. எனக்கு விளையாட்டாக இருந்தது அவருக்கு விளையாட்டில்லை என்று அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கல்லூரி முடிந்து டவுன் பஸ்ஸில் வரும்போது புதிய வெளியீடுகளைத் திறந்தேன். திருச்சியில் ஒரு குழு, ஒரே ஒரு பாட்டு. மாட்டுக்கொட்டிலில் பிறந்த பிள்ளைக்குக் குளிருமே என்று ஒரு பெண் கேட்கிறாள். பின்னால் கிட்டார் மழைபோல இறங்குகிறது. பாட்டு தொடங்குவதற்கு முன் அந்தப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ம்... ஆரம்பிங்கப்பா" என்கிறாள். அதை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தினமும் கேட்கும் குரல். பாடியவர் பெயரைப் பார்த்தேன். மதினியின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர், முழுசாக.

செக்காலை நிறுத்தத்தில் பஸ் நின்ற ஒரு நிமிடத்தில் அந்தப் பாட்டை என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். 'இது எங்க மதினி!' என்று மேலே எழுதினேன். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. கண்டுபிடித்த சந்தோஷம், காட்டிக்கொள்ளும் ஆசை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து மாடிக்கு இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். மதினி முதலில் சிரித்தார். நாலு வருடம் முன்பு கல்லூரித் தோழர்களோடு ஒரு மதியத்தில் பாடிப் பதிந்தது, வெளியிட்டிருப்பது தனக்குத் தெரியவே தெரியாது என்றார். பாட்டின் பாதியில் இன்னொரு பெண்குரல் கீழ்ச்சுருதியில் வந்து சேர்ந்துகொள்ளும். அந்த இடம் வந்ததும் அவர் முகம் மாறியது. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அதைப் பார்த்துவிட்டுத்தான், பயந்துபோய், ஸ்டேட்டஸ் விஷயத்தைச் சொன்னேன்.

"யார் யாரு பாத்திருக்காக?"

பட்டியலைக் காட்டினேன். பெரியத்தையின் மகள் பெயர் மேலேயே இருந்தது. அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. மதினி என்னைத் திட்டவில்லை. "கேட்டுட்டுப் போட்டிருக்கலாம் பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் பழைய தோழர்களில் ஒருவனின் எண்ணைத் தேடிப் பிடித்துத் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினார். அன்று மாலை முழுக்கக் கூடத்தில் கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய் யார் என்று பார்த்தேன். பெரியத்தை போனில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நேரிலேயே வந்துவிட்டார்.

கூடத்தில் பாட்டு முழுசாக ஓடியது. அப்பா ஒரு இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் பெரியத்தைதான் பேசினார்.

"உம்மகதான் ஊருக்கே போட்டுக் காட்டியிருக்கா. நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பாக்கணும். கேக்குறவுகளுக்கு நா என்னத்தச் சொல்ல?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மதினியைப் பார்த்தார்.

"இது நீதானாம்மா?"

"ஆமா மாமா."

"எப்ப பாடுனது?"

"கல்யாணத்துக்கு ஒரு வருசம் முன்னாடி."

அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "பழசுப்பா. இப்பவே போன் பண்ணி எடுக்கச் சொல்லிடுறேன். இனிமே இப்பிடி எதுவும் வராது." வேகவேகமாகச் சொன்னான். கல்லூரிக் கலைவிழாவில் மதினி பாடியதைக் கேட்டுத்தான் தனக்கு அவரைப் பிடித்துப்போனது என்று என்னிடம் சொல்லியிருந்தவன் அவன்தான். மதினி அவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. யாரோ தெரியாதவரைப் பார்ப்பதுபோல இருந்தது.

"எடுக்கச் சொல்ல வேணாம்" என்றார் மதினி.

பெரியத்தை ஏதோ சொல்ல வந்தார். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். "ஏன்?"

"அதுல ரெண்டாவதா வர்ற குரல் எங்க அம்மா, மாமா. அன்னைக்கு எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவங்கள நாங்கதான் பிடிச்சுப் பாட வச்சோம். மூணு வருசமா அந்தக் குரல நான் கேக்கல. என் நம்பர் இல்லாம அந்தப் பசங்க எங்க அம்மாகிட்டப் போய்க் கேட்டிருக்காங்க. எங்க அம்மாதான் 'போடுங்க, எம்புள்ள கேக்கட்டும்'னு சொல்லியிருக்காங்க." மதினியின் பேச்சு திருச்சிக்குத் திரும்பியிருந்தது. "நீங்க சொன்ன எல்லாத்தையும் கேட்டேன் மாமா. இத மட்டும் கேக்க மாட்டேன்."

அப்பா காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வயலுக்குப் போனார். அடுத்த மூன்று நாள் மதினி எப்போதும்போல மூன்று வேளையும் சமைத்தார், பரிமாறினார். அண்ணனுக்குப் பரிமாறும்போது மட்டும் அவன் முகத்தைப் பார்க்க மாட்டார். அண்ணன் ஒருமுறை, "நா எதுக்குச் சொன்னேன்னா..." என்று ஆரம்பித்தான். மதினி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை, சின்னப் பை ஒன்றோடு கூடத்துக்கு வந்தார். "திருச்சிக்குப் போய் எங்க அம்மாவைப் பாத்துட்டு வாரேன் மாமா." அனுமதி கேட்கும் தொனி அதில் இல்லை. அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் எழுந்தான், பிறகு உட்கார்ந்துவிட்டான். "நா கூடப் போறேன்" என்று சொல்லிவிட்டு, எவருடைய பதிலுக்கும் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டேன். என்னால் நடந்ததற்கு அந்த ஒன்றாவது செய்ய வேண்டும் என்றிருந்தது.

ரயிலில் மதினி ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் அம்மா கதவைத் திறப்பாரா, திறந்தாலும் உள்ளே விடுவாரா என்று நான் யோசித்துக்கொண்டே வந்தேன். திருச்சியில் அவர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கியது. அவர்கள் வீட்டில் மட்டும் நட்சத்திரம் இல்லை. கதவைத் தட்டிவிட்டு மதினி என் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். திறந்தவர் கண்ணாடி போட்ட, குட்டையான அம்மாள். என்னை யாரென்று தெரியாமல் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலாக மதினியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பாட்டு கேட்டியா?" என்றார்.

மதினி தலையை ஆட்டினார். அந்த அம்மாள் வாசலிலேயே நின்று அழுதார். நான் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

அன்றே தனியாகப் பஸ் பிடித்து ஊர் திரும்பினேன். பொழுது சாயும் முன்பே வீடு வந்துவிட்டேன். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "போய்ச் சேந்துருச்சா?" என்று கேட்டார். சேர்ந்துவிட்டார் என்றேன். "அவுக அம்மா பேசுனாகளா?" பேசினார்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கால் கழுவப் போனார். உள்ளே அண்ணன் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருந்திருக்கும். கேட்கும் முகம் இல்லாமல் இருந்திருக்கும். அப்போது எனக்கு அப்படி நினைக்கத் தோன்றவில்லை. அவன்மேல் எனக்கிருந்த மரியாதை அன்று கொஞ்சம் போய்விட்டது. இத்தனை வருடத்தில் முழுசாகத் திரும்பவில்லை.

பொங்கல் கழிந்தும் மதினி வராததால் அண்ணன் திருச்சிக்குப் போனான். முதல்முறை தனியாகத் திரும்பி வந்தான். இரண்டாம் முறை போய் அங்கேயே ஒரு மாதம் இருந்தான். இருவரும் திரும்பியபோது எங்கள் வீட்டுக்கு வரவில்லை. செக்காலையில் அவன் கடைக்கு மேலேயே குடி வந்தார்கள். மதினி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனார், பாடினார். பெரியத்தை இரண்டு வருடம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அம்மா மட்டும் வாரம் ஒருநாள் டவுன் பஸ்ஸில் போய் வருவார். அப்பா போனதே இல்லை.

என்னைப் பற்றி மதினியிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். கோபம் உண்டா என்று. காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிராமல், "இருந்துச்சு பாப்பா. இல்லேன்னு சொன்னா பொய்" என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

போன வருடம் மதினியின் அம்மா இறந்துபோனார். தகவல் சொன்னபோது அப்பா வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, "வண்டியச் சொல்லு" என்றார். திருச்சியில், சர்ச்சின் கடைசி பெஞ்சில், எல்லோரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தார். மதினி வந்து எதிரில் நின்றபோது கைகூப்பினார்.

திரும்பும்போது புதுக்கோட்டை தாண்டியதும் அப்பா முன்னால் சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பாட்டு இன்னும் இருக்கா?"

"இருக்குப்பா."

"இருக்கட்டும்" என்றார். காற்று அதிகமாக இருக்கிறது, ஜன்னல் கண்ணாடியை ஏற்று என்றார். ஏற்றினேன்.