பிலோமினா எழுதிய பிழைச் செய்திகள்

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். ஒயிட்ஃபீல்டில் ஏதோ புது நிறுவனமாம், கூட்டம் போடுகிறார்களாம், நான் வந்து பேச வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: 'பயனர் சமூகத்தை வளர்ப்பது எப்படி'. "நீங்க ஒண்ணுமே இல்லாததுல இருந்து வளர்த்தீங்களாமே மேம்" என்றாள். எனக்கு உச்சி வரைக்கும் சூடேறியது. பாவம், அவளைத் திட்டி என்ன பிரயோசனம்? தலைவலி என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்போதிலிருந்து மனசு ஆறவில்லை. உங்களிடமாவது கொட்டிவிடுகிறேன்.

அப்போது பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் சின்ன நிறுவனத்துக்கு மூன்று அறை. சால்டரிங் புகையும் கீழேயிருந்து வரும் தில்பசந்த் தேங்காய் ரொட்டி வாசமும் கலந்து, வீட்டுக்குப் போனாலும் துப்பட்டாவை விட்டுப் போகாது. தண்ணீர் மோட்டார், எடை மெஷின் என்று எதற்குள்ளும் ஒளிந்திருக்கிற நகத்தளவு கணினி இருக்கிறதே, மைக்ரோகன்ட்ரோலர், அதற்காக நிறுவனத்தை ஆரம்பித்த ரகு ஒரு சின்ன நிரல்மொழி எழுதியிருந்தார். ஒரு வரி அடித்தால் உடனே செய்து காட்டும். பெயர் 'இருவே'. கன்னடத்தில் எறும்பு. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் தோழிக்கு மட்டும் அது யாரையோ நிறுத்தி வைப்பது போலவே கேட்டது. "இரு வே, இந்தா வாரேன்" என்று போகும்போதும் வரும்போதும் கேலி செய்வாள்.

அந்த மொழிக்கு ஆள் சேர்ப்பது என் வேலை. பதவிக்குப் பெயர் கம்யூனிட்டி மேனேஜர். வேலை ஆர்டரைப் படித்துவிட்டு அம்மா கேட்டாள்: "கம்யூனிட்டின்னா எந்த கம்யூனிட்டிடி? சாதிச் சங்கத்துல வேலையா?" விழுந்து விழுந்து சிரித்தேன். யார் உள்ளே, யார் வெளியே என்பதில்தான் கடைசியில் எல்லாம் வந்து முடிந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டாம்.

முதல் கூட்டம் ஒரு சனிக்கிழமை, சர்ச் ஹாலில். நாற்பது நாற்காலி போட்டேன். வந்தது ஐந்து பேர். அதில் இரண்டு பேர் வேலைக்கு இன்டர்வியூ என்று நினைத்து சர்டிஃபிகேட்டோடு வந்திருந்தார்கள். நான் விளக்கை அணைத்து ஏற்றி என் வித்தையெல்லாம் காட்டி முடித்ததும், பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், தப்பா அடிச்சா 'தப்பு, ஏழு'ன்னு மட்டும் வருது. ஏழுன்னா என்ன? சும்னே பயமுறுத்துதா?"

அவள்தான் பிலோமினா. அவளுடைய அம்மா வீடு ஹாலுக்குப் பக்கத்துத் தெரு. ஹெப்பகோடியில் எலெக்ட்ரானிக் போர்டு தயாரிக்கும் ஆலையில் டெஸ்டிங் டெக்னீஷியன், டிப்ளமோ படித்தவள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான போர்டுகளைத் தொட்டுப் பார்க்கிற கை. அவள் கேட்டது சரிதானே? அடுத்த சனிக்கிழமையிலிருந்து மூவரும் உட்கார்ந்தோம். என்ன கோளாறுக்கு என்ன சொன்னால் புரியும் என்று பிலோமினா சொல்வாள், நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவேன், ரகு கன்னடத்தில் போடுவார். 'ஏழாம் நம்பர் பின்னை ஏற்கெனவே வேறு வேலைக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.' 'வயர் கழன்றிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள், புரோகிராமை அப்புறம் திட்டலாம்.' இரண்டாவதை ரகு வேண்டாம் என்றார். "ரியலா அதுதான் சார் நடக்குது" என்று அவள் பிடிவாதமாக நின்று வைக்கச் செய்தாள்.

அந்த வாக்கியங்களால்தான் ஆட்கள் வந்தார்கள். என் துண்டுப் பிரசுரத்தால் ஒருவர்கூட வரவில்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். எங்கள் இணைய மன்றத்தில் ஐடிஐ மாணவர்கள், மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர்கள், எடை மெஷின் ரிப்பேர்க்காரர்கள் எல்லோரும் ஆங்கில எழுத்தில் தமிழும் கன்னடமும் அடித்துக் கேள்வி கேட்பார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிலோமினா போனிலேயே பதில் எழுதுவாள். ஒரே கேள்வியை முப்பதாவது ஆள் கேட்டாலும் எழுதுவாள். சலிக்கவில்லையா என்றேன் ஒருநாள். "நமக்குத்தான் மேடம் முப்பதாவது. அவங்களுக்கு மொதல் தடவதானே?"

அப்புறம் ஒரு பெரிய நிறுவனம் எங்களை வாங்கியது. புதிதாக ஒரு மேலாளர் வந்தார். நல்ல சட்டை, நல்ல ஆங்கிலம். மன்றத்தைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். "இவங்க டெவலப்பர்ஸே இல்லியே. டெக்னீஷியன்ஸ். இவங்கள வச்சுகிட்டு என்ன பண்றது?"

இதே ஆட்கள்தான் உங்கள் மொழியை மோட்டார் ஷெட்டுக்கும் மில்லுக்கும் கொண்டுபோனவர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். ரகுவைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "என் கைல ஏனூ இல்லம்மா" என்றார். அவர் கையில் ஒன்றுமில்லையாம். என் கையில் மட்டும் என்ன இருந்தது, ஒரு அடையாள அட்டை.

'இருவே'யின் புதுப் பதிப்புக்கு நட்சத்திர ஓட்டலில் பெரிய விழா வைத்தார்கள். பிலோமினா லீவு போட்டுவிட்டு, 'இருவே'யை வைத்துத் தான் செய்த டெஸ்டிங் கருவியை ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வாசலில் கம்பெனி ஈமெயில் முகவரி கேட்டார்கள். ஆலையில் டெக்னீஷியன்களுக்கு ஏது ஈமெயில்? உள்ளே விடவில்லை. எனக்கு இரண்டு தடவை போன் செய்தாள். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். போனைச் சைலன்ட்டில் போட்டேன். ஆமாம், அவள் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

மேடையில் மேலாளர் அந்த வாக்கியங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். வயர் கழன்ற வாக்கியத்துக்கு அரங்கமே சிரித்தது. "இது ஒவ்வொண்ணையும் எழுதினது எங்க கம்யூனிட்டி மேனேஜர்" என்று என்னை மேலே கூப்பிட்டார். மைக் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் போனேன், கைகூப்பினேன், சிரித்தேன். இறங்கினேன்.

வெளியே வந்தபோது அவள் லாபி சோபாவின் ஓரத்தில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். போனில் விழாவின் நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

"பிலோமினா, நான்..."

"நல்லா இருந்துச்சு மேடம். கைத்தட்டல் இங்க வரைக்கும் கேட்டுச்சு." எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வர்றேன். பஸ் போயிடும்."

அவள் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அன்று சாயங்காலமே மேலாளருக்குக் கடிதம் எழுதினேன், அவள் பெயரைப் போடச் சொல்லி. அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று ஒரு வரி பதில் வந்தது. அடுத்த பதிப்பு வந்தது, பெயர் வரவில்லை. நான் உடனே வேலையை உதறினேன் என்று சொல்ல ஆசைதான். எட்டு மாதம் இருந்தேன். அந்த மேலாளர் மேல் இருக்கிற கோபம் ஒரு பங்கு என்றால், அந்த எட்டு மாதத்தின் மேல் இருப்பது பத்துப் பங்கு.

அந்த எட்டு மாதத்துக்குள்தான் மன்றத்தையும் மூடினார்கள். ஒரு வேலைநாள், பகல் பன்னிரண்டு மணிக்கு. எங்களுக்கே முந்தின நாள்தான் சொன்னார்கள். முடிந்த மட்டும் பக்கங்களைச் சேமித்தேன், பாதிகூட ஆகவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு பிலோமினா கூப்பிட்டாள். ஓட்டலுக்கு அப்புறம் அன்றுதான் கூப்பிடுகிறாள்.

"மேடம், காலைல அத்திபெலேல இருந்து ஒருத்தர் கேட்டிருந்தாரு. ரோஜாப்பூ வைக்கிற கோல்ட் ரூம், அலாரம் அடிக்க மாட்டேங்குதாம். பதில் அடிச்சு அனுப்பறேன், பக்கமே இல்லன்னு வருது. அவரு நம்பர் இருக்கா?"

மன்றத்தில் யாரிடமும் நாங்கள் நம்பர் வாங்கியதில்லை. அவரவர் வைத்துக்கொண்ட புனைபெயர்தான்.

"இல்ல பிலோமினா."

"ஊர் தெரியுமே, யாரயாச்சும் கேளுங்க மேடம். சென்சார் வயர் ஒண்ணத் திருப்பிப் போட்டா போதும், அஷ்டே."

அத்திபெலேக்குப் போய் இரண்டு பூ மண்டிகளில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. பிறகு அந்த நிறுவனம் 'இருவே'யையும் கைவிட்டது. இணையதளம் இருந்த முகவரியில் இப்போது யாரோ செருப்பு விற்கிறார்கள். ரகு வெளிநாட்டில். பிலோமினாவின் ஆலை வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது, அவள் நம்பரும் மாறிவிட்டது. அந்தக் கோல்ட் ரூம்காரர் தன் கேள்விக்குக் கீழே பதில் வந்ததா என்று எத்தனை தடவை திறந்து பார்த்தாரோ, தெரியாது.